ரயிலடியும் ஏரிக்கரையும் பார்த்து வீடு பிடியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்னைக்குள் வாடகை கட்டி மாளாமல், தாம்பரத்துக்கு அப்பால் குடும்பத்தோடு போய்விடலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவர்கள் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, முடிச்சூர் பக்கத்தையே குறிப்பிட்டிருப்பதால் பதில்களும் தெற்குப் புறநகரைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. ரூபாய்க் கணக்குகள் வழிமுறை புரிவதற்காக. நீங்கள் போகும் தெருவின் விலையை அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

சூளைமேட்டில் 21,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். அதே அளவு வீடு கூடுவாஞ்சேரியில் 12,000-க்குக் கிடைக்கிறது. கணவருக்குக் கிண்டியில் வேலை, எனக்கு எழும்பூரில். தொடக்கப்பள்ளியில் இரண்டு பிள்ளைகள். மாதம் 9,000 மிச்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். சரிதானா?
– வாசகி, சூளைமேடு

ஒன்பதாயிரமும் கையில் நிற்காது. எவ்வளவு நிற்கும் என்பதைக் குடிபோவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடலாம்.

குடிக்கவும் சமைக்கவும் நாலு பேருக்கு நாளுக்கு ஒரு 20 லிட்டர் கேன் ஆகும். கேன் 40 ரூபாய் என்றால் மாதம் 1,200. இப்போது பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகிறார்கள், அங்கே வேன் வேண்டும் என்றால் ஆளுக்கு 1,500 வீதம் 3,000. ரயிலடி வரை இரு சக்கர வாகனம், பெட்ரோல், நிறுத்தும் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆயிரம். சீசன் டிக்கெட் மலிவு, அதனால் பெரிய வித்தியாசம் வராது. இதுவரை 5,200 ஆகிவிட்டது. கோடையில் போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றி லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் உங்கள் பங்கும் சேரும். மிச்சம் மூவாயிரம், மூவாயிரத்து ஐநூறு. அதுவும் நல்ல தொகைதான். ஆனால் ஒன்பதாயிரத்தை நம்பிப் புதிதாகக் கடன் தவணை எதையும் தொடங்கிவிடாதீர்கள்.

அடுத்தது நேரம். இப்போது உங்களுக்கு நுங்கம்பாக்கத்திலிருந்து எழும்பூர் இரண்டாவது நிறுத்தம். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலுக்குள் மட்டுமே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அதைவிட முக்கியமானது, கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் எல்லா வண்டிகளும் செங்கல்பட்டு வரை போவதில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரம் சூளைமேட்டில் இருப்பவருக்குப் பழக்கமில்லாத நேரம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரவு எட்டரைக்கு மேல் இது மிகவும் உறுத்தும்.

ஆகவே கூடுவாஞ்சேரியிலேயே பார்ப்பதானால் ரயிலடிக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் 14,000 வாடகையில் கிடைக்கும் வீடு, மூன்று கிலோமீட்டர் உள்ளே 12,000-க்குக் கிடைக்கும் வீட்டைவிட உங்களுக்கு மேல். ஒரு வண்டியும் பெட்ரோலும் மிச்சம். மழையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்க வேண்டாம். கணவர் ஊரில் இல்லாத நாளிலும் நீங்கள் தனியாகப் போய் வரலாம். அந்த 2,000 ரூபாயைக் கொடுக்க மனம் வரவில்லை என்றால் தாம்பரம், பெருங்களத்தூரில் சற்றுச் சிறிய வீடு பாருங்கள். தாம்பரத்திலிருந்தே புறப்படும் வண்டிகளில் காலையில் உட்கார இடம் கிடைக்கும். வருடக்கணக்கில் போய்வருபவருக்கு அது சின்ன விஷயமல்ல.

அட்வான்ஸ் கொடுக்குமுன் இருவரும் ஒரு திங்கட்கிழமை ஒத்திகை பாருங்கள். காலை ஏழேகாலுக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி அலுவலகம் போய், இரவு வழக்கமான நேரத்துக்கு அதே வாசலுக்குத் திரும்புங்கள். ஞாயிறு மதியம் காரில் போய்ப் பார்த்த வீட்டை நம்பி முடிவெடுத்தவர்கள்தான் ஆறே மாதத்தில் திரும்பி வருகிறார்கள்.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாடகை குறைவு என்கிறார்கள். வெள்ளம் வருமா? "செம்பரம்பாக்கம் திறந்தால்தான் பயம், இப்போது கரை கட்டிவிட்டார்கள்" என்கிறார் புரோக்கர். எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், வடபழனி

அந்த வாதத்தில் அடிப்படைப் பிழை ஒன்று இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தொடக்கப் பகுதியில் இருக்கின்றன. ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர்தான் இங்கே வந்து நிற்கிறது. ஆகவே செம்பரம்பாக்கம் மூடியிருந்தாலும் இங்கே வெள்ளம் வரலாம். 2015 டிசம்பரில் இந்தப் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் தண்ணீர் புகுந்தது. இடையில் ஆற்றை அகலப்படுத்தியும் கரை பலப்படுத்தியும் வேலைகள் நடந்தது உண்மை. அதனால் உங்கள் தெரு தப்பித்ததா என்பதைத் தெருவிலேயே போய்த்தான் பார்க்க வேண்டும்.

முதலில் சுற்றுச்சுவர்களைப் பாருங்கள். வெள்ளம் நின்ற சுவரில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு, வீடு வீடாகத் தொடர்ந்து போகும். புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தால் பக்கத்துக் காலி மனைச் சுவரையோ மின்கம்பத்தையோ பாருங்கள், அங்கே யாரும் வெள்ளை அடிப்பதில்லை. அடுத்து ஈ.பி. மீட்டர். ஒரு தெருவில் பல வீடுகளில் மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்திருந்தால் அந்தத் தெரு ஒருமுறை பாடம் படித்திருக்கிறது என்று பொருள். மூன்றாவது, சாலைக்கும் வீட்டுத் தரைக்கும் உள்ள உயரம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே சிமென்ட் சாலை போட்டு ஏற்றிய தெருக்களில் பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. வாசலில் நின்று சாலையைப் பார்த்தால் அது உங்கள் முழங்கால் மட்டத்தில் தெரிகிறது என்றால், சாதாரண மழைக்கே தண்ணீர் உள்ளே வரும். அதற்கு ஆறு பெருக வேண்டியதில்லை.

பிறகு ஏரி. பக்கத்தில் ஏரி இருப்பது மட்டுமே கெடுதல் ஆகாது. ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்பதுதான் கேள்வி. கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) எங்கே இருக்கிறது, அங்கிருந்து வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது, அது நடுவில் எங்கே காணாமல் போகிறது என்று நடந்தே பாருங்கள். காணாமல் போகும் இடத்தில்தான் மனைகள் போட்டிருப்பார்கள். கைபேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பார்த்தாலும் வாய்க்காலின் தடம் பெரும்பாலும் தெரியும். தெருவின் பெயரிலோ நகரின் பெயரிலோ "தாங்கல்" இருந்தால் அங்கே ஒரு காலத்தில் சிறிய ஏரி இருந்தது என்று எடுத்துக்கொண்டு, இரண்டு மடங்கு விசாரியுங்கள்.

யாரிடம் விசாரிப்பது என்றால், புரோக்கரிடமும் வீட்டு உரிமையாளரிடமும் வேண்டாம். தெருமுனையில் இஸ்திரி போடுபவர், பால் போடுபவர், மளிகைக் கடைக்காரர் ஆகியோரிடம் கேளுங்கள். "தண்ணி வருமா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "மிக்ஜாம் அப்போ தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? எத்தனை நாள் கரண்ட் இல்லை?" என்று கேளுங்கள். சொல்லிவிடுவார்கள்.

எல்லாம் பார்த்தபின் அந்தப் பகுதியே வேண்டும் என்றால் முதல் மாடி எடுங்கள். தரைத்தளச் சம்ப்பின் (நிலத்தடித் தொட்டியின்) மூடி தரையோடு தரையாக இருந்தால், தெருத் தண்ணீரும் செப்டிக் டேங்க் தண்ணீரும் அதற்குள் இறங்கும். மூடியின் விளிம்பை ஓரடியாவது உயர்த்திக் கட்டித் தரச்சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. வண்டியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கே ஏற்றி நிறுத்துவது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

ஊரப்பாக்கத்தில் பார்த்த வீட்டில் போர் தண்ணீர் மட்டும்தான். உப்பாக இருக்கிறது. ஆர்.ஓ. போட்டால் போதுமா? தலைமுடி கொட்டும், துணி மங்கும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, அயனாவரம்

ஆர்.ஓ. குடிநீருக்கு மட்டும்தான் விடை. குளியலறை, துணி, கெய்சர் எல்லாவற்றுக்கும் அதே போர் தண்ணீர்தான் வரும். அதனால் எவ்வளவு உப்பு என்று முதலில் அளந்துவிடுங்கள்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சம்ப் தண்ணீரில் வைக்காதீர்கள், அதில் லாரித் தண்ணீர் கலந்திருக்கலாம். மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, போரிலிருந்து நேராக வரும் தண்ணீரில் வையுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை. கடினத்தன்மைக்கு அதே போல 200, 600. மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் மொத்த உப்பை மட்டும். கடினத்தன்மையையோ கிருமியையோ அது காட்டாது. கடினத்தன்மையைக் கண்ணாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். குழாய் முனையில், ஷவர் துளைகளில், கழிப்பறைப் பீங்கானில் வெள்ளைப் படிவு இருக்கிறதா? சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகிறதா? இருந்தால் கெய்சரின் ஹீட்டர் கம்பியிலும் வாஷிங் மெஷினிலும் அதே படிவு ஏறும். கம்பியில் சுண்ணாம்பு ஏற ஏற மின்சாரம் கூடும், கடைசியில் கம்பி வெடிக்கும். வருடத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ஒரு பக்கெட் போர் தண்ணீரை இரவு முழுவதும் திறந்து வையுங்கள். காலையில் செம்பழுப்பு நிறம் தட்டி, அடியில் துரு போல் தங்கினால் இரும்புச்சத்து அதிகம். வெள்ளைத் துணி மங்க இதுவும் ஒரு காரணம். இதற்கு ஆர்.ஓ. போட்டால் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், முதலில் இரும்பு நீக்கும் வடிகட்டி வேண்டும். முழு விவரம் வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். இரண்டு லிட்டர் சுத்தமான கேனில் கொடுத்தால் ரசாயனச் சோதனைக்குப் போதும். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும்.

கிருமி பற்றி ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், இந்தப் பகுதிகளில் பல தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். 600 சதுர அடி மனையில் கட்டிய வீட்டில் போருக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே இருக்க வேண்டிய 50 அடி எங்கிருந்து வரும்? உங்கள் வீட்டில் இருந்தாலும் பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் போரை ஒட்டி இருக்கலாம். ஆகவே போர் தண்ணீரைக் காய்ச்சாமலோ ஆர்.ஓ. இல்லாமலோ குடிக்க வேண்டாம். மேல்தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 முதல் 5 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பை ஊற்றக் கூடாது.

அளவையும் கேட்டுவிடுங்கள். நகர்ப்புறக் கணக்கு ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர். நாலு பேருக்கு 540. ஆறு வீடுகள் சேர்ந்த குடியிருப்பில் நாளுக்கு மூவாயிரத்து இருநூறுக்கு மேல். ஒரு 12,000 லிட்டர் லாரி நாலு நாள்கூட வராது. மே மாதம் எத்தனை லாரி வந்தது, காசு எப்படிப் பிரித்தார்கள் என்று ஏற்கெனவே குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

முடி கொட்டுவதற்குத் தண்ணீரே காரணம் என்று சொல்ல முடியாது. கடின நீரில் முடி வறண்டு சிக்கு விழும், அது உண்மை. கடைசியாக ஒரு வாளி கேன் தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைத் தண்ணீர் விட்டு அலசினால் வித்தியாசம் தெரியும்.

மகள் ஒன்பதாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. மகன் நான்காம் வகுப்பு. இந்த நவம்பரிலேயே மாறிவிடலாமா?
– வாசகர், கே.கே. நகர்

மகனைப் பற்றிக் கவலை இல்லை. மகளுக்கு வேண்டாம். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்பிலேயே பெயர் பதிவு ஆகிவிடுகிறது. பத்தாம் வகுப்பில் நேரடிச் சேர்க்கைக்குக் குடும்பம் இடம் மாறியதற்கான ஆவணங்களோடு வாரியத்தின் அனுமதி வேண்டும். பத்தாம் வகுப்பை இதே பள்ளியில் முடிக்கட்டும். பதினொன்றில் எல்லாரும் புதிதாகத்தான் சேர்கிறார்கள், அப்போது மாற்றுவது அவளுக்கும் எளிது.

அதுவரை பொறுக்க முடியாது என்றால் குடும்பம் முன்னால் போய், அவள் மட்டும் ரயிலில் வந்து படிக்கலாம். பள்ளியில் சான்று வாங்கிக் கொடுத்தால் மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையும், மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையும் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். ஆனால் பொதுத்தேர்வு ஆண்டில் தினமும் மூன்று மணி நேரம் பயணத்தில் போகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் கருத்து, பதினெட்டு மாதம் பொறுத்திருப்பதே நல்லது.

மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் தமிழைக் கவனியுங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். இந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்த பிள்ளையை எட்டாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தால் கணக்கு, அறிவியலைவிடத் தமிழில்தான் திணறும். மகனுக்கு இப்போதே வீட்டில் தமிழ் எழுதப் படிக்கப் பழக்குங்கள். மாறும்போது மாற்றுச் சான்றிதழோடு நின்றுவிடாமல், தமிழகப் பள்ளிகளுக்கான எமிஸ் பதிவிலிருந்து பழைய பள்ளி பெயரை விடுவித்துவிட்டதா என்று கேளுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் புதிய பள்ளியால் பையனைத் தன் கணக்கில் ஏற்ற முடியாது, நீங்கள் இரண்டு பள்ளிக்கும் இடையே அலைவீர்கள்.

வீட்டிலிருந்தே கணினி வேலை. புறநகரில் கரண்ட் போய்விடும் என்கிறார்களே, என்ன இன்வெர்ட்டர் போடுவது?
– வாசகர், பெரம்பூர்

150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டோடு பெருக்கினால் 1,800 வாட்-மணி. இழப்பு போக, பேட்டரியை முழுதும் வடியவிடாமல் எடுத்தால் 1,100 கிடைக்கும். சாதாரண மின்விசிறி மூன்று 225 வாட், எல்.இ.டி. விளக்கு நாலு 40, இணைய ரௌட்டர் 10 ஆக 275. நாலு மணி நேரம் ஓடும். அந்த மூன்றையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றினால் மொத்தமே 140 வாட், எட்டு மணி நேரம் வரும். இரண்டாவது பேட்டரி வாங்கும் காசில் விசிறியை மாற்றுங்கள், ஈ.பி. பில்லும் இறங்கும். ரௌட்டருக்குத் தனியாகச் சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ். வைத்துக்கொண்டால் இன்வெர்ட்டர் மாறும் நொடியில் இணைப்பு அறாது.

ஈ.பி. இணைப்பு உங்கள் வீட்டுக்குத் தனி எண்ணில் இருக்கிறதா என்பது இதைவிட முக்கியம். உரிமையாளர் ஒரே இணைப்பில் இரண்டு குடித்தனத்துக்கு சப்-மீட்டர் போட்டிருந்தால், இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் 101 முதல் 200 வரையிலான குறைந்த விலைப் படியே போய்விடுகிறது, அதற்கு மேலும் யூனிட் விலை ஏறுகிறது. உங்களுக்குச் சேர வேண்டிய 100 இலவச யூனிட்டும் அவர் கணக்கோடு கரைந்துவிடும்.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்கிறார்கள். சட்டம் மூன்று மாதம்தானே?
– வாசகி, தி. நகர்

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அது செல்லும். அதனால் கையெழுத்துக்கு முன்னால் பேசுவதுதான் பயன் தரும். ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் வீடுகள் காலியாக நிற்கும். அந்த மாதங்களில் பேசி முடித்து ஒப்பந்தம் போட்டுவிட்டு, அடுத்த மாதம் முதல் வாரம் குடிபோவதாகச் சொன்னால் வாடகையும் அட்வான்ஸும் இறங்கும். மே மாதம் போய்க் கேட்டால் இறங்காது.

மாமனாருக்கு 74 வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. முப்பது வருடமாகப் புரசைவாக்கத்தில் இருப்பவர். அவரை அழைத்துப் போவது சரியா?
– வாசகி, புரசைவாக்கம்

அழைத்துப் போகலாம், ஆனால் வீட்டை அவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் "அடுத்த மாதம் போகிறோம் மாமா" என்று சொல்வதுதான் பெரியவர்களை உடைக்கிறது.

வீடு ரயில் பாதைக்கு எந்தப் பக்கம், மருத்துவமனை எந்தப் பக்கம் என்று பாருங்கள். பாதையைக் கடக்க சுரங்கப்பாதை மட்டும்தான் வழி என்றால், பெருமழையில் அது நிரம்பி ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வரும். இரவு பத்து மணிக்குத் திறந்திருக்கும் மருந்துக்கடை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இந்தப் பாதையில்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து எது பக்கம் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். பழைய மருத்துவரை உடனே விட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரிடமே காட்டி, நடுவில் காய்ச்சல், சளிக்குப் பக்கத்து மருத்துவரிடம் போகலாம். கோப்பின் நகல் இருவரிடமும் இருக்கட்டும்.

மின்தூக்கி இல்லாத இரண்டாம் மாடி அவருக்கு ஆகாது. வெள்ளத்துக்குப் பயந்து முதல் மாடி என்றால் படிக்கட்டில் இருபுறமும் கைப்பிடி, குளியலறையில் பிடிமானக் கம்பி. புறநகர்த் தெருக்களில் நடைபாதை இருக்காது, இரவில் நாய்கள் இருக்கும். ஆகவே மாலையில் அவர் தனியாக நடந்துபோகக் கூடிய தூரத்தில் கோயிலோ நூலகமோ டீக்கடையோ, மனிதர்கள் உட்கார்ந்து பேசும் ஓர் இடம் இருக்க வேண்டும். இதைத் தண்ணீருக்கு அடுத்தபடியாக வைத்துப் பாருங்கள். புரசைவாக்கத்தில் அவருக்கு வாசலைத் திறந்தால் பேச ஆள் இருந்திருப்பார்கள். ஓய்வூதிய வங்கிக் கணக்கை மாற்றத் தேவையில்லை, உயிர்வாழ் சான்றுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை எடுத்துக்கொள்வார்.

வாடகைக்குப் பதில் மனையே வாங்கிவிடலாமா? "பஞ்சாயத்து அப்ரூவல், வண்டலூருக்குப் பத்து நிமிடம்" என்று விளம்பரம்.
– வாசகர், வில்லிவாக்கம்

முதலில் ஒரு மழைக்காலம் அங்கே வாடகைக்கு இருங்கள். வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). பஞ்சாயத்து மட்டும் கையெழுத்துப் போட்ட வரைபடம் ஒப்புதல் ஆகாது. ஒப்புதல் எண்ணையும் ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணையும் வாங்கி இணையத்தில் நீங்களே பாருங்கள். 20.10.2016-க்கு முன் போட்ட ஒப்புதலில்லா மனைகளை வரன்முறை செய்ய (சட்டப்படி முறைப்படுத்த) 2017-இல் விதிகள் வந்தன. அப்படிப்பட்ட மனை என்றால் தனி மனைக்கும் மனைப்பிரிவுக்கும் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள்.

வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுக்குப் போடுங்கள். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, உட்பிரிவு ஆகிவிட்டதா என்று பாருங்கள். பலர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டாவாகவே இருந்தால் பின்னால் வங்கிக் கடனிலும் வீட்டு வரைபட அனுமதியிலும் சிக்கல். புல வரைபடத்தை இணையத்தில் எடுத்து, மனையிலோ அதை ஒட்டியோ வாய்க்கால், ஓடை, ஏரி என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் எத்தனை பத்திரம் இருந்தாலும் பயனில்லை. மனைக்கு வரும் சாலை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தச் சாலை இன்னும் யாரோ ஒருவரின் நிலம்.

கையில் இருக்கும் தொகையைக் கணக்கிடும்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரும் என்ற பேச்சுக்கு இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள். இன்று ஓடும் ரயிலுக்கும், 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை வைத்து விலை பேசுங்கள். "பத்து நிமிடம்" என்பதை மாலை ஏழு மணிக்குத் தாம்பரம்–செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலையில் போய் அளந்து பாருங்கள்.

காலி மனைகளுக்கு நடுவே வீடு. பாம்பு வருமா?
– வாசகி, மயிலாப்பூர்

வரும். எலி இருக்கும் இடத்துக்கு வரும், எனவே குப்பையும் விறகும் செங்கல் குவியலும் சுவரை ஒட்டி வேண்டாம். கழிவுநீர்க் குழாய் வாய்க்கு வலை, கதவடியில் ரப்பர் பட்டை. இரவில் தரையில் பாய் விரித்துப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில்தான் கடிக்கும், வலி அதிகம் தெரியாது, தூக்கத்திலேயே விஷம் ஏறிவிடும். கடித்தால் கயிறு கட்டுவதோ கீறுவதோ கூடாது. கை காலை அசைக்காமல் 108-இல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் அந்த அறைக் கதவை மூடி, இடுக்கில் துணி அடைத்துவிட்டுத் தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள்.

குடிபோன பிறகு எந்த ஆவணத்தை முதலில் மாற்றுவது?
– வாசகர், அண்ணா நகர்

எரிவாயுவிலிருந்து தொடங்குங்கள். பழைய ஏஜென்சியில் மாற்றல் சீட்டு கேட்கும்போது, சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டுமா, கையோடு கொண்டுபோகலாமா என்று கேட்டுக்கொண்டு அதன்பிறகு லாரியில் ஏற்றுங்கள். புது முகவரியில் வரும் எரிவாயு பில் மூன்று மாதத்துக்குள் இருந்தால் ஆதாருக்கு முகவரிச் சான்றாகும். குடும்பத் தலைவரின் ஆதார் மாறியதும் அவருடைய ஒப்புதலோடு மற்றவர்களுடையதை இணையத்திலேயே மாற்றலாம். ஆதார் மாறினால் வங்கி, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 8 எல்லாம் தடையில்லாமல் நடக்கும். வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்று) முகவரிக்கு 30 நாள் கெடு உண்டு. ரேஷன் பொருளுக்காக அவசரப்பட வேண்டாம், கைரேகை வைத்து எந்தக் கடையிலும் வாங்கலாம். ஆனால் அட்டையைப் புதுக் கடைக்கு மாற்றாமலே விட்டால் பொங்கல் பரிசு டோக்கனுக்குப் பழைய தெருவுக்குத்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.